சிடி போட இடமில்லை

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

கொசு எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நலமாகத்தான் இருக்கிறோம். அங்கே உங்கள் இருமல் நின்றதா?

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் கூடத்தில் இருக்கிறது. நான் பேசும்போதெல்லாம் அம்மாவுக்குப் பக்கத்திலேயே மடிக்க ஏதாவது துணி இருக்கிறது. பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் எழுதினால் கம்ப்யூட்டர் சாரும் படிப்பார். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். கீழே போய்த் தபால் எடுத்து வருவது என் வேலை, பெட்டிச் சாவி என்னிடம்தான். நீங்கள் பதில் போட்டால் முதலில் என் கைக்குத்தான் வரும். தயவுசெய்து போனில் இதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வகுப்பில் விவாதப் போட்டி. 'லேப்டாப்புக்குள் சிடி டிரைவ் இனியும் தேவையா?' என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் நான் 'தேவையில்லை' கட்சியில் விழுந்தேன். என் பெஞ்சில் உட்காரும் ரேடியோ 'தேவை' கட்சி. அவள் வாயை மூடி நான் பார்த்ததில்லை, அதனால்தான் அந்தப் பெயர். நீங்கள் லேப்டாப் செய்கிற கம்பெனியிலேயே இன்ஜினியர். அப்பாவின் ஒரே தங்கை வேறு. எனக்கு நீங்கள் உதவாமல் யார் உதவுவார்கள்?

பள்ளியில் புதிதாகக் கொடுத்த லேப்டாப் மெலிதாக, அழகாக இருக்கிறது. ஆனால் அதில் சிடி போட இடமில்லை. பக்கவாட்டில் தடவித் தடவிப் பார்த்தேன். அப்படி இடமில்லாத லேப்டாப்பில் ஒரு சிடியைப் பார்க்க வேண்டுமென்றால் என்ன வழி? போட்டிக்காகத்தான் கேட்கிறேன்.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. அப்பா இப்போதெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்க மேலே ஏறுவதில்லை, ஆபீசிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். எப்போதும் ஏதோ யோசனை. இரண்டு மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புகிறார். அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருக்கிறாள். வெளியே வரும்போது தலை நனைந்திருப்பதில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
கொசு


ஜூன் 15

அன்புக் கொசுவுக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் போய்விட்டது, அதன் இடத்தில் முதுகுவலி குடிவந்திருக்கிறது. மற்றபடி சுகம். உன் கையெழுத்து முன்பைவிடத் தேவலாம். இப்போது எறும்பு மை குடித்துவிட்டு நிதானமாக நடந்த மாதிரி இருக்கிறது.

நீ கேட்டது சரியான ஆளிடம்தான். அடுத்த மாடலில் சிடி டிரைவை வைப்பதா, எடுப்பதா என்று எங்கள் அறையிலும் இதே சண்டைதான் நடக்கிறது. எங்கள் மேலாளருக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைக் காட்டினாலும் "இது இல்லாம முடியாதா?" என்பார். போன மாதம் என் டீ நேரத்தைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு லேப்டாப்பைப் பிரித்து மேசைமேல் பரப்பிப் பார். சிடி டிரைவ்தான் அதில் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட பெரிய மாமா. நல்ல இடத்தை அவரே பிடித்துக்கொள்வார், எப்போதாவதுதான் வாயைத் திறப்பார், திறந்தால் கரகரவென்று சத்தம். சுற்றுகிற மோட்டாரும், நகர்கிற கண்ணும், வெளியே வந்து போகிற தட்டும் அதற்குள் இருக்கின்றன. அசைகிற பாகம் எல்லாம் ஒருநாள் பழுதாகும். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம். உன் மாதிரி பிள்ளைகளின் தோளுக்கும் பாரம் குறையும். இதையெல்லாம் எழுதிக்கொள், ரேடியோவின் வாயை அடைக்கப் போதும்.

இடமில்லாத லேப்டாப்புக்கு வெளியிலிருந்து வயரில் மாட்டுகிற டிரைவ் கிடைக்கும். எங்கள் அறையில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம், சோதனைக்காக.

அண்ணன் எப்படி இருக்கிறார்? நன்றாகத் தூங்குகிறாரா? மாடிப்படி இறங்கும்போது சிரமப்படுகிறாரா? சும்மாதான் கேட்டேன். அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்லாதே, கடிதம் ரகசியம் அல்லவா.

உன்
அத்தை


ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முதுகுவலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நலத்துக்குக் குறைவில்லை.

பெரிய மாமா உதாரணத்தை ஒத்திகையில் சொன்னேன், வகுப்பே சிரித்தது. ரேடியோ எழுந்து, "பெரிய மாமா வீட்ல இருந்தா திருடன் வரமாட்டான்ல?" என்றாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அத்தை. அம்மா வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குப் பள்ளி விட்டதும் சில நாள் போய் உட்கார்ந்திருப்பேன். ஸ்கேன் எடுத்து முடித்தவர்களுக்கு அம்மா கவுண்டரில் ஒரு சிடியைக் கவரில் போட்டுக் கொடுப்பாள். "இதைக் கீறாம பாத்துக்கோங்க, டாக்டர்கிட்ட இதைத்தான் காட்டணும்" என்று ஒவ்வொருவருக்கும் அதே குரலில் சொல்வாள். பழைய படங்களை மாதம் முடிந்தால் அங்கே அழித்துவிடுவார்களாம், அதற்குப் பிறகு அந்த சிடி ஒன்றுதான் மிச்சம். நேற்று ஒருவர் திரும்ப வந்து கத்தினார். "என் பையன் லேப்டாப்ல ஓட்டையே இல்லம்மா! இதை எங்க சொருகறது, என் நெத்தியிலயா?" அம்மா சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்கு வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியிருப்பாள்.

அப்பா மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இறங்குகிறார். டீவி சத்தத்தை ரொம்பக் கூட்டி வைக்கிறார். அம்மா குளியலறையில் இருக்கும்போது அவருக்கு எதுவும் கேட்கக்கூடாது என்று நினைக்கிறாரோ என்னவோ.

அத்தை, அந்த அலமாரியிலிருந்து வெளியே மாட்டுகிற டிரைவ் ஒன்று அனுப்புவீர்களா? போட்டியன்று மேசைமேல் வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும். பார்சல் எப்போது வரும் என்று எழுதினால் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கீழே காத்திருப்பேன். சீக்கிரம் அனுப்புங்கள். ரொம்பச் சீக்கிரம்.

அன்புடன்,
கொசு


ஜூலை 12

அன்புக் கொசுவுக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. வேலை தலைக்குமேல். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கத்தரி ஊரெல்லாம் கேள்வி கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். போன வருஷத்தில் சிடி டிரைவைத் தொட்டீர்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 'இல்லை' என்றார்களாம். "பாத்தியா, யாருக்குமே வேண்டாம்" என்று மேசையைத் தட்டினார். மீதிப் பேர் எப்போது, எதற்காகத் தொட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லையே என்றேன். "அதைக் கேட்டா கணக்கு முடியாதும்மா" என்றார்.

நீ கேட்ட டிரைவ் இப்போது என் கையில் இல்லை. விவாதத்துக்கு அது அவசியமும் இல்லை. ஒரு படம் வரைந்து காட்டு, போதும்.

உனக்கு எதற்கு அவ்வளவு அவசரம்? எந்த சிடியைப் பார்க்க வேண்டும்?

நேரத்துக்குத் தூங்கு. இரவில் கண் விழித்து எழுதாதே.

அத்தை


ஜூலை 17

அத்தைக்கு,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், மன்னியுங்கள்.

உங்கள் அறையில் டிரைவ்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன என்று நீங்களே எழுதினீர்கள். இப்போது ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். எதற்காக அத்தை?

சரி, நானும் உண்மையைச் சொல்லவில்லை. போட்டி நிஜம்தான், ஆனால் டிரைவ் அதற்காக இல்லை. மே மாதக் கடைசியில் இஸ்திரிப் பெட்டி தேடி அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் அவள் சென்டரின் கவர் ஒன்று இருந்தது. மேலே அம்மாவின் பெயர் எழுதியிருந்தது. உள்ளே சிடி. ஊருக்கெல்லாம் கவர் கொடுக்கிறவளுக்கே ஒரு கவர்.

அன்று வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் இருவரும் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். ரேஷன் கடைக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார்கள். வந்து சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது கேட்டது. "அவ்ளோ பெரிய டாக்டரு, புது லேப்டாப்ல போட இடமில்லையாம். பென் டிரைவ்ல மாத்திட்டு அப்புறம் வாங்கன்றாரு. மாசம் தாண்டிப்போச்சே, சென்டர்ல இருந்ததையும் அழிச்சிட்டாங்களே" என்று அம்மா அழுதாள். "விடு, அதான் சிடி இருக்குல்ல" என்றார் அப்பா.

மறுநாள் சிடியை எடுத்துவிட்டேன். பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். பார்க்க வழியில்லை. அதற்குள் அவர்கள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மெத்தையைக்கூடப் புரட்டினார்கள். "கொசு, ஒரு கவரைப் பாத்தியா?" என்று அம்மா கேட்டபோது, "என்ன கவர்?" என்றேன். அதைச் சொன்னதும் திரும்பக் கொடுக்கிற வழியும் அடைபட்டுவிட்டது. என் அட்லஸுக்குள் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இப்போது ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். அப்பா நேற்றுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அம்மா செத்துப்போய்விடுவாளா, அத்தை? இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

கொசு


ஜூலை 20

என் செல்லக் கொசுவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கேட்டுக்கொள், அண்ணிக்கு எந்த நோயும் இல்லை. இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நிம்மதியாகத் தூங்கு.

அந்தக் கவரை இன்றைக்கே இருந்த இடத்தில் வைத்துவிடு. உன்னை யாரும் திட்டமாட்டார்கள். சிடியைப் பார்க்க முயற்சி செய்யாதே, உனக்கு அதில் எதுவும் புரியாது.

இதற்குமேல் எழுத முடியாத இடத்தில் இருக்கிறேன்.

உன்
அத்தை


ஜூலை 24

பள்ளி ஆய்வுக்கூடத்தில் அச்சடிக்க மட்டும் வைத்திருக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதில் சிடி போடுகிற தட்டு உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் ரேடியோ வாசலில் காவல் நின்றாள். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

முதல் திரையிலேயே எழுதியிருந்தது. ஆண். கீழே பிறந்த தேதி. அது அப்பாவுடைய பிறந்த நாள்.

மற்றதெல்லாம் சாம்பல் நிறப் படங்கள். நீங்கள் சொன்னது சரி, எனக்கு எதுவும் புரியவில்லை.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னீர்கள். யாருக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.


ஆகஸ்ட் 1

அன்புள்ள கொசுவுக்கு,

நீ பெயர்கூட எழுதாமல் அனுப்பிய தாளை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன், திரும்பக் கொண்டு வந்தேன். இப்போதுதான் பதில் எழுதத் தைரியம் வந்தது.

எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஸ்கேன் எடுத்த அன்றே அண்ணன் போன் செய்தார். "கொசுகிட்ட மூச்சு விடாதே. டாக்டர் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் நானே சொல்லிக்கறேன்" என்றார். நானும் சரி என்றேன். நீ டிரைவ் கேட்டபோதே ஏதோ நெருடியது. அதனால்தான் கையில் இல்லை என்று பொய் சொன்னேன். அண்ணிக்கு ஆபத்து என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சென்டரில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு ஸ்கேன் எடுத்தால் கவர்மேல் அந்த ஊழியரின் பெயரைத்தான் எழுதுவார்களாம். அது உனக்கு எப்படித் தெரியும்?

அண்ணனுக்குக் காதுக்கு உள்பக்கம் ஒரு கட்டி. பரவுகிற வகை இல்லை என்று முதல் டாக்டர் சொல்லியிருக்கிறார். எடுக்க வேண்டுமா, எப்போது, எப்படி என்று பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீ இரண்டு மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது, டீவி சத்தம், படிக்கட்டுக் கைப்பிடி, எல்லாம் அதனால்தான். நீ ஒவ்வொன்றையும் எனக்கு எழுதிக்கொண்டிருந்தாய். நான் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

புதன்கிழமை அவர்கள் மறுபடி டாக்டரிடம் போக நேரம் வாங்கியிருக்கிறார்கள். சிடி அதற்குள் வேண்டும். நானே அண்ணனுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. செவ்வாய் இரவு வரை பார்ப்பேன். அதற்குமேல் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அத்தை


ஆகஸ்ட் 20

அன்புக் கொசுவுக்கு,

செவ்வாய் இரவு போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அண்ணனே கூப்பிட்டார். கவர் கிடைத்துவிட்டது என்றார். எங்கே இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிறு போனில் உன்னைக் கேட்டால், "தலைவலின்னு படுத்துட்டா" என்றார் அண்ணி. அடுத்த ஞாயிறும் உனக்குத் தலைவலி.

எனக்கு இங்கே உடம்பு சௌகரியம்தான். நீ கேட்காவிட்டாலும் எழுதிவைக்கிறேன்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் கூட்டம். சிடி டிரைவ் இருக்குமா, போகுமா என்று ஒவ்வொருவரும் கை தூக்க வேண்டும். கணக்கெடுப்பில் 'தொட்டேன்' என்று சொன்ன கால்வாசிப் பேரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் கையில் உன் அம்மா கொடுத்த கவர் மாதிரி ஒன்று இருந்ததோ. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அத்தை


ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தைக்கு,

எனக்குத் தலைவலி இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உங்கள்மேல் ரொம்பக் கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அன்று செவ்வாய் இரவு அலமாரியில் வைத்துவிடலாம் என்றுதான் அட்லஸைத் திறந்தேன். வைத்துவிட்டால் அவர்கள் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார்கள். நானும் தெரியாத மாதிரி இருப்பேன், அவர்களும் சொல்லாமலே இருப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் அப்பாவின் தட்டுப் பக்கத்தில் கவரை வைத்தேன்.

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணுமே தெரியல."

"எனக்கும்தான்" என்றார் அப்பா. "முட்டைக்கோசைக் குறுக்கால வெட்டின மாதிரி இருந்துச்சு. அதுதான் என் தலைன்னு உங்கம்மா சொன்னா. வேற யாராவது சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. நான் அழுதேன். அப்புறம் அப்பா எல்லாம் சொன்னார். அவருக்குத் தெரிந்த பாஷையில்.

"லிஃப்டுக்கு மேல கன்ட்ரோல் பெட்டி இருக்கும்ல? அதுல ஒரு வயர்மேல ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு. அதைச் சுரண்டி எடுக்கணும். எடுக்கும்போது அந்த வயரையும் வெட்ட வேண்டி வரலாம்."

"வெட்டினா?"

"வலது காது நின்னுடும்."

"அப்புறம்?"

"லிஃப்ட் ஓடும்டா. மணி மட்டும் அடிக்காது."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "டாக்டர் பாத்துட்டா ஒரு பதிலோட சொல்லலாம்னு இருந்தேன். வெறும் பயத்தை மட்டும் எப்படிக் கையில குடுக்கறது?" என்றார். அது ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது என்று சொன்னேன். அவர் என் தட்டில் சோறு போட்டார்.

புதன்கிழமை அம்மா எதையும் நம்பவில்லை. பென் டிரைவிலும் மாற்றிக்கொண்டாள், சிடியையும் எடுத்துக்கொண்டாள். போதாததற்குச் சென்டரில் ஓரமாகக் கிடந்த தடி லேப்டாப்பை முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். "இன்னைக்கு அந்த மனுஷன் எந்த ஓட்டை இல்லேன்னு சொல்றாருன்னு பாக்கறேன்" என்றாள். டாக்டர் பென் டிரைவிலேயே பார்த்துவிட்டாராம். கட்டியை எடுத்துவிடலாம் என்றார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை.

விவாதப் போட்டியும் முடிந்தது. உங்கள் பெரிய மாமாவைச் சொன்னேன், பேட்டரியைச் சொன்னேன். அப்புறம் எழுதி வைத்திருந்தது மறந்துவிட்டது. "நான் ஒரு சிடியைக் கஷ்டப்பட்டுப் போட்டுப் பார்த்தேன். திறந்தது. ஆனால் எனக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஆள்தான் தேவைப்பட்டது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தலைப்பை விட்டு விலகியதாக மார்க்கைக் குறைத்தார்கள். ரேடியோ கட்சி ஜெயித்தது. ஆனால் அவள் கை தட்டவில்லை.

உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கையைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

உங்கள்
கொசு


செப்டம்பர் 5

அன்புக் கொசுவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு முதுகுவலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. கோபம் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்.

கூட்டம் நடந்தது. பெயர் சொல்லாமல் உங்கள் கதையைச் சொன்னேன். டாக்டர், தடி லேப்டாப், அட்லஸ், எல்லாம். கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "எனக்கும் கஷ்டமா இருக்கும்மா. ஆனா அந்த ஒரு நாளுக்காக எல்லாரும் எல்லா நாளும் அதைத் தூக்கிட்டுத் திரியணுமா?"

அது கெட்ட கேள்வி இல்லை, கொசு. நான் நிறைய யோசித்தேன். கடைசியில் எடுத்துவிடலாம் என்றுதான் கை தூக்கினேன். கண்ணை மூடவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். பெட்டியின் முகப்பில், படத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் 'இதில் சிடி போட இடமில்லை' என்று அச்சடிக்க வேண்டும். "குறையை யாராவது முகப்பில போடுவாங்களா? விக்க வேண்டாமா?" என்று கத்தரி குதித்தார். இல்லாததை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஜனங்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய் அவசரத்தில் தடவிப் பார்க்கிற மாதிரி விடக்கூடாது என்றேன். ஒரு மணி நேரம் கத்திய பிறகு, "சரி, ஆனா எழுத்தோட அளவை நான்தான் சொல்லுவேன்" என்றார். அவர் எதையும் வெட்டாமல் சேர்த்தது இதுதான் முதல் தடவை.

இனி உன்னிடம் 'கையில் இல்லை' என்று பொய் சொல்லமாட்டேன். எழுத முடியாதது இருந்தால், எழுத முடியாதது ஒன்று இருக்கிறது என்றாவது எழுதுவேன்.

அறுவை சிகிச்சைக்கு நான் வரக்கூடாதாம், அண்ணன் பிடிவாதம். "நீ வந்தா எல்லாரும் பயந்துடுவாங்க" என்கிறார். முடிந்ததும் வருகிறேன். அதுவரை எனக்குக் கண்ணும் காதும் நீதான்.

உன்
அத்தை


செப்டம்பர் 23, மதியம்

அன்புள்ள அத்தைக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பட்டப்பகலில் எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'எட்டிப் பார்க்கிறாள்' என்று எழுதினேன் என்று இப்போது என் தலையில் குட்டினாள். அவள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். முந்தாநாள் காலையில் உள்ளே போனவரைச் சாயங்காலம் வரை வெளியே விடவில்லை. அம்மா கவுண்டரில் பேசுகிற அதே குரலில் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் வெளியே வந்து, "பக்கத்து நரம்புக்கு ஒண்ணும் ஆகல, முகம் நல்லா அசையுது, உயிருக்குப் பயமில்லை. வலது காது மட்டும் இனி கேக்காது" என்றபோது அவளுக்குக் குரல் நின்றுவிட்டது. நான்தான் நன்றி சொன்னேன்.

நேற்று ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அம்மா என்னை அனுப்பினாள். அப்பா தலையெல்லாம் கட்டோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாற்காலி அவருக்கு வலது பக்கம் போட்டிருந்தது. உட்கார்ந்தேன். தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்காவிட்டாலும் அந்தக் காதில் கேட்காது என்று தெரியும். அந்தத் தைரியத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னேன். மே மாதத்திலிருந்து எனக்கு எவ்வளவு பயம், இப்போதும் பயமாக இருக்கிறது, என்னால்தான் தாமதமானது, எல்லாவற்றையும் சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே அவர் கை என் கன்னத்தைத் தேடியது. ஈரம் பட்டிருக்க வேண்டும்.

"என்னமோ சொல்றே. அந்தப் பக்கம் சொன்னா வேஸ்ட்டுடா" என்றார். குரல் காற்று மாதிரி இருந்தது. "இந்தப் பக்கம் வந்து சொல்லு."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போனேன். முதலிலிருந்து சொன்னேன்.

உங்கள்
கொசு